துரைசானி கவுனுக்கு எட்டு மடிப்பு

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. ஆவணி முடியப் போகிறது என்று யாராவது சூரியனுக்குச் சொன்னால் தேவலை. பத்து மணிக்குப் போன கரண்ட் ஒன்றரைக்கு வந்தது.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை:
தலையணை உறை
இட்லி மாவு
கேஸ் புக்கிங்
கவுனுக்கு முதுகு

முதல் மூன்றும் ஆயிற்று.

கவுனைப் பற்றி ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால், தேவனாம்பட்டினம் கோட்டையில் துரைமார் குடியிருந்த காலத்தில், துரைசானிகள் போட்டிருக்கக் கூடிய கவுன். முன்பக்கம் திறப்பு, குண்டூசி குத்தி மூடுவது. முழங்கை வரை கை. கீழே பாவாடை. துணி வெள்ளைப் பருத்தி, சிவப்புப் பூ, நீலக் கொடி, கை அச்சு. இந்த மாதிரித் துணி அப்போது இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறிப் போனது. அங்கே போய்க் கவுன் ஆனது. நான் இங்கேயே தைத்துவிடுகிறேன், துணிக்கு அலைச்சல் மிச்சம்.

மிஷின் தொடுவதில்லை. எல்லாம் கைத்தையல். அப்போது மிஷின் ஏது?

இது ஏழாவது. இதற்கு முன் நாயக்கர் காலத்து அங்கி, துரைமாருக்கு மொழிபெயர்த்த துபாஷ்களின் அங்கி, நூறு வருஷத்துக்கு முந்தைய பஃப் கை ஜாக்கெட்டுகள். லேபில் கூட வேலை பார்க்கும் மஞ்சு கேட்டாள், "சோழர் காலத்துது ஒண்ணு தைங்களேன்க்கா." சோழர் காலத்துக்கு ஊசியே வேண்டாம்டி, சுற்றினால் போதும் என்றேன்.

முதுகுதான் சிக்கல். இந்தக் கவுனுக்கு முதுகில் வெட்டு கிடையாது. தோளிலிருந்து கால் வரை ஒரே துணி. அதை இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, எட்டு மடிப்பாக இடுப்பு வரை ஒடுக்கிக்கொண்டு போய்த் தைக்க வேண்டும். அந்தக் காலத் தையல்காரிகள் ஆளை நிற்க வைத்து, பின்னால் நின்று, உடம்பின் மேலேயே பின் போடுவார்களாம். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்குப் பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள்?

அதனால் மத்தியானம் டேப் பொம்மை. பழைய நைட்டி மேல் பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப்பைச் சுற்றி, கெட்டியானதும் வெட்டிக் கழற்றி, உள்ளே பேப்பரை அடைத்தால் நம் அளவில் ஒரு பொம்மை கிடைக்கும். இதற்கும் இரண்டு பேர் வேண்டும் என்று போட்டிருந்தது. டேப் நுனியை ஜன்னல் கம்பியில் ஒட்டிவிட்டு, உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு, நானே சுற்றினேன். முப்பது சுற்று இருக்கும். தலை கிறுகிறுத்தது. மேல் கை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. கத்தரிக்கோல் சமையலறையில்.

எப்படி வெளியே வந்தேன் என்று எழுதப் போவதில்லை. இடுப்பில் இரண்டு கீறல். பொம்மை, நடுவில் கட்டிய அரிசி மூட்டை மாதிரி வந்திருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

கீறல் எரிகிறது. லேபில் காலையில் மட்டும் நாற்பத்தொரு பேர். நாளெல்லாம் அடுத்தவர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறேன். "கையை மடக்குங்க, நீட்டுங்க, அவ்வளவுதான்." என் கையை யாராவது பிடித்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை. போன வருஷம் பஸ்ஸில் ஒரு கிழவி பிடித்தாள், விழாமல் இருக்க.

போனில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த பழைய உடைக் குழு ஒன்று, அதில் மாதக் கடைசியில் எல்லாரும் தைத்ததைப் போட்டுக்கொண்டு படம் போடுவார்கள். நான் ஹேங்கரில் மாட்டிப் போடுவேன். "உங்கள் ஹேங்கர் அழகாக இருக்கிறது" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். கிண்டலா, மொழிபெயர்ப்பா தெரியவில்லை. இன்னொரு அம்மா: "முதுகுக்கு உங்கள் சகோதரியைக் கூப்பிடுங்கள்."

சகோதரி இல்லை. நாத்தனார் இருந்தாள்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி முதல் நாள். ஹவுஸ் ஓனர் அக்கா (இனி ஹ.ஓ. அக்கா) வந்து, "மேல கறி மீனு சமைக்காதம்மா, ஒரு மாசம்" என்றார். நான் சமைக்கிற லட்சணத்துக்கு மீன் வேறா.

பரணிலிருந்து பச்சைப் பெட்டியை இறக்கினேன். எட்டு வருஷமாகத் திறக்காதது. உள்ளே அளவு நோட்டு.

யாருடைய நோட்டு என்று எழுத வேண்டும். என் முன்னாள் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு திட்டக்குடியில் இருக்கிறார். இந்த டைரியில் அவருக்குப் பெயர் திட்டக்குடிக்காரர், போதும். அவருடைய தங்கை தமிழ்ச்செல்வி. நான் கல்யாணமாகித் திருப்பாப்புலியூர் வீட்டுக்குப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு பேரும் ஒரே தையல் வகுப்புக்குப் போனோம். வீட்டில் ஒரே மிஷின். அவள் ஜாக்கெட்டை நான் தைப்பேன், என் ஜாக்கெட்டை அவள் தைப்பாள். அவரவருடையதை அவரவர் தைக்கக் கூடாது என்று ஒரு சட்டம். அவள் போட்டதுதான். அப்புறம் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டாள். அப்போதும் மாதம் ஒரு தடவை துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

கோர்ட்டில் பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் பிரித்தார்கள். தமிழ் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் தானாக அந்தப் பக்கம் போய்விட்டாள். அண்ணன் ஆயிற்றே.

திட்டக்குடிக்காரர் போனது ஒரு வருஷம் வலித்தது. தமிழ் போனது இன்னும் வலிக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நோட்டில் கடைசி அளவு எதிர் எதிர்ப் பக்கமாக இருக்கிறது. ஒன்றில் தலைப்பு "வசந்தா", என் பெயர், நீல இங்க். மற்றதில் "தமிழ்", பச்சை இங்க். நாமே எடுக்க முடியாத அளவெல்லாம் இருக்கிறது. முதுகு அகலம், கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு. பழைய அளவுதான், ஆனால் என் பழைய ஜாக்கெட் இன்னும் அப்படியே சேருகிறது. தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு உடம்பு எங்கே ஏறும்? வசந்தா பக்கத்தை வைத்துக் காடாத் துணியில் மாதிரிக்காக முதுகை வரைந்து வெட்டினேன். அதன் மேல் பூத்துணியைப் பரப்பி, மேஜையிலேயே எட்டு மடிப்பும் போட்டேன்.

பொம்மையும் வேண்டாம், பின்னால் ஆளும் வேண்டாம். பெருமையாகத் தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 20, சனி

மேகம். மழை இல்லை.

லேப் அரை நாள். மூன்று மணியிலிருந்து மடிப்புத் தையல். ஆறாவது மடிப்பு ஒரு நூல் அளவு கோணல், மூன்று தடவை பிரித்தேன். என் குணம் அது.

சாயங்காலம் ஹ.ஓ. அக்கா படியேறி வந்தார். கையில் தட்டு, பெருமாளுக்குப் படைத்த வடை இரண்டு.

"நேத்து ஜன்னல்ல யாரோ பூப்போட்ட டிரஸ்ல நின்னுனு இருந்தாங்களே. விருந்தாளியா?"

ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு கவுனை மாட்டியிருந்தேன்.

"ஆமாம்க்கா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதான பாத்தேன். உங்கிட்ட யாருமே வர்றதில்லயேன்னு நெனச்சினு இருந்தேன். இருக்காங்களா, போய்ட்டாங்களா?"

"குளிக்கறாங்க."

கீழே போய் இன்னும் இரண்டு வடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், விருந்தாளிக்கு. நான்கையும் நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, மிளகு ஜாஸ்தி.

செப்டம்பர் 21, ஞாயிறு

போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை.

முதுகு இழுக்கிறது. இடுப்பு மடிப்பு இரண்டு விரற்கடை மேலே ஏறி நிற்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. முன்பக்கம் சேரவே இல்லை. டேப் வைத்து முதுகுத் துணியை அளந்தேன். நோட்டில் உள்ளது உள்ளபடி, ஒரு நூல் கூட்டிக் குறைத்து இல்லை. அப்படியானால் நான்தான் மாறியிருக்கிறேனா? கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தன் முதுகைத் தான் பார்க்கிற கண்ணாடியை இன்னும் யாரும் செய்யவில்லை.

அழவில்லை. கோபம்தான்.

நோட்டின் வசந்தா பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். "அளவு சரி. தையல் சரி. பொருந்தவில்லை. யார் தப்பு?"

மத்தியானம் பார்த்தவர்கள்: 11. மஞ்சு, லேப் டாக்டர், பால்காரர், ஹ.ஓ. அக்காவின் மருமகள். தமிழ்ச்செல்வியும்.

என் ஸ்டேட்டஸ் எல்லாவற்றையும் அவள் பார்க்கிறாள். எட்டு வருஷமாக. ஒரு வார்த்தை கிடையாது, ஒரு பொம்மை முகம் கூட அனுப்பியதில்லை. ஆனால் பார்ப்பவர்கள் பட்டியலில் தவறாமல் இருப்பாள். அவள் பெயர் வந்ததா என்று பார்க்கத்தான் பாதி நாள் ஸ்டேட்டஸே போடுகிறேன் என்று இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

காலை 6.40. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெசேஜ்.

"அண்ணி அது என் அளவு. உங்க பேர் போட்ட பக்கம் நீங்க தைக்க வேண்டியது. உங்க அளவு என் பேர் போட்ட பக்கத்துல இருக்கு, பச்சை இங்க். மறந்துட்டீங்களா"

பேஸ்ட் நுரையோடு நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன்.

அதுதான் சட்டம். தைக்கிறவள் பெயர்தான் தலைப்பு, உடுத்துகிறவள் பெயர் இல்லை. எப்படி மறந்தேன்? அவரவருடையதை அவரவர் தைக்காத வரைக்கும் அந்த நோட்டு புரிந்தது. தனியாளுக்கு அது புரியாது.

இத்தனை நாள் நான் தைத்தது எட்டு வருஷத்துக்கு முந்தைய தமிழின் முதுகை.

லேபில் ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. "இன்னாம்மா, வேலைக்குப் புதுசா?" என்றார். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது ஐயா.

பதில் எழுதி எழுதி அழித்தேன். எப்படி இருக்கே. அழி. பொண்ணு பெரியவளாயிருப்பாளே. அழி. ஏன்டி இத்தனை வருஷம். அழி.

கடைசியில் போனது: "ஆமாம் தமிழு. மறந்துட்டேன்."

பதில்: ஒரு கட்டை விரல்.

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

பச்சைப் பக்கத்தில் என் அளவு முழுசாக இருக்கிறது. பழைய மடிப்பைப் பிரித்து, புது அளவில் மேஜையில் மடித்தால் வேலை முடிந்தது. முதுகில் வெட்டு இல்லாததால் துணி ஒரு துண்டு கூட வீணாகவில்லை. அதனால்தானாம், அந்தக் காலத்தில் அம்மாவின் கவுனைப் பிரித்து மகளுக்கு மடித்துக் கொடுப்பார்கள்.

இரண்டு மணி நேர வேலை. செய்யவில்லை.

அதற்குப் பதில் இப்படி ஒரு மெசேஜ்: "அது பழைய அளவு தமிழு. இப்ப எனக்கு சரி வராது. பின்னாடி நின்னு பின் போட ஆள் வேணும்."

முழுப் பொய். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இரண்டு நாளாகப் பதில் இல்லை. பார்த்துவிட்டாள், அது தெரிகிறது.

போன் சார்ஜர் ஒயர் பிய்ந்துவிட்டது, தயிர் புளித்துவிட்டது, எல்லாம் ஒன்றாக வருகிறது.

5.15. வந்துவிட்டது. "3ந் தேதி வெள்ளிக்கிழமை வாங்க அண்ணி. பத்து மணிக்கு மேல, அவரு கடைக்குப் போனப்புறம். போன் பண்ண வேணாம், நேரா வந்துருங்க."

'அவரு' அவள் வீட்டுக்காரர். உரக்கடை. மச்சான் திட்டக்குடிக்காரரிடம் எதையும் மறைக்க மாட்டார், அந்தக் காலத்திலேயே அப்படி. அதுதான் பத்து மணிக்கு மேல. எல்லாம் புரிகிறது. புரிந்தாலும் "அண்ணி" என்ற வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: சொந்த வேலை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேபில் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம். ரத்தம் சுற்றுகிற மிஷினுக்கு மஞ்சு மாலையே போட்டுவிட்டாள். பொரி, கடலை, ஆளுக்கு ஒரு பை.

வீட்டில்: கத்தரிக்கோல், ஊசி டப்பா, இஞ்ச் டேப், சாக்பீஸ். பக்கத்தில் அளவு நோட்டு. இன்றைக்கு ஊசி தொடக் கூடாது. திருப்பாப்புலியூர் வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைப்பது தமிழ்தான். இரண்டு கண் மாதிரி இரண்டு வளையத்துக்கும் வைத்து, "அண்ணி, பாருங்க, மொறைக்குது" என்பாள். நானும் அப்படியே வைத்தேன். முறைத்தது. தனியாகச் சிரித்தால் சத்தம் பெரிசாகக் கேட்கிறது.

தைக்க முடியாத நாளில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பொரியைக் கொறித்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பஸ்ஸில் ஜன்னல் சீட். கட்டைப்பையில் கவுன், மடியிலேயே வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டியதும் மழை பிடித்தது. பி.முட்லூர் வருவதற்குள் விட்டுவிட்டது. பக்கத்தில் ஒரு அம்மா, "கல்யாணத்துக்குப் போறியா?" என்றாள். நாத்தனார் வீட்டுக்கு என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் சின்னத் தெரு. வீட்டு முன் அறையில் தையல். கொடி நிறையப் பரதநாட்டிய டிரஸ், சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள், எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவு. இந்த ஊரில் ஆடுகிற பிள்ளைகளில் பாதிக்கு இவள்தான் தைக்கிறாளாம்.

"வாங்க அண்ணி."

தலை முன்னால் நரைத்திருக்கிறது. கன்னம் உப்பியிருக்கிறது. நான் பேச வாயெடுப்பதற்குள் தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"செருப்ப உள்ள எடுத்துனு வந்துருங்க."

எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்குப் பின்னால் வைத்தேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

கவுனைப் பிரித்துக் காட்டியதும் அவள் முகம் மாறிவிட்டது. விரல் துணி மேல் ஓடியது. மடிப்பைத் தூக்கி உள்பக்கம் பார்த்தாள்.

"இன்னா அண்ணி இது, ஆட்டக்காரப் புள்ளைங்களுக்கு முன்னாடி விசிறி வெப்பேன், நீங்க விசிறியத் தூக்கிப் பின்னாடி வெச்சிருக்கீங்க."

"உன் அளவுதானே. நீயே போட்டுப் பாரு."

போட்டாள். முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி. கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"எவ அவ, இவ்ளோ ஒல்லியா இருந்தவ?"

இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும் வரை. அந்தப் பத்து நிமிஷம் பழைய வீடுதான்.

அப்புறம் பிளேடு எடுத்து எட்டு மடிப்பையும் பிரித்தாள், நான் நாள் கணக்கில் தைத்ததை. எனக்கு மாட்டிவிட்டாள்.

"திரும்புங்க."

திரும்பினேன். உள்ளங்கையை என் முதுகில் வைத்துத் துணியைத் தடவி நேராக்கினாள். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தடவை.

"மூச்ச விடுங்க அண்ணி. ஏன் புடிச்சினு நிக்கறீங்க?"

விட்டேன். அவள் பின்னால் நிற்பதால் என் முகம் அவளுக்குத் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

இடது பக்கம் ஒன்று, இரண்டு. வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசினாள். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பண்ணுருட்டி. தாய்மாமன் சீர் பெரிசாகச் செய்கிறாராம்.

"உங்கள எப்படி அண்ணி..." என்று நிறுத்தினாள்.

"தெரியும் தமிழு. சொல்லாதே."

மூன்றாவது மடிப்பைப் பிடித்திருந்தபோது அவள் போன் அடித்தது. ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"சொல்லுண்ணா."

திட்டக்குடிக்காரர். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன், தேன்கூட்டு இரைச்சல் மாதிரி, வார்த்தை புரியவில்லை.

"ம்... சாப்ட்டேன்... யாருமில்லண்ணா. தனியாதான் இருக்கேன்... சும்மா, ஒரு டிரஸ்ஸுக்குப் பின்னு போட்டுனு இருக்கேன்... இல்லல்ல, பொம்மைக்கு."

பொம்மை அசையவில்லை. மூச்சும் விடவில்லை.

ஆனால் ஒன்று. பேசி முடிக்கும் வரை அவள் இடது கை என் முதுகிலேயே இருந்தது. எடுக்கவில்லை. கொஞ்சம் அழுத்தியது போலக்கூட இருந்தது. மடிப்பு நழுவாமல் இருக்கவா, வேறு எதற்காவதா, தெரியவில்லை.

போனை வைத்தாள். "ஊசி குத்துதா அண்ணி?"

"இல்லை."

மீதி ஐந்தும் போட்டாள். முடிந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கி, பச்சைப் பக்கத்தில், தன் பெயருக்குக் கீழே, என் புது அளவை எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்படியே இருக்கீங்களே அண்ணி. ஒரு நூல் மாறலையே."

நான் கண்ணாடியில் பாவாடையைச் சரிசெய்துகொண்டேன். அவளும் மேலே கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அவர் சாப்பிட வந்துவிடுவாராம். கிளம்பும்போது கத்தரிக்காய் கொத்சு கட்டிக் கொடுத்தாள். எவர்சில்வர் டப்பாவை எடுத்தவள், அதை வைத்துவிட்டுப் பாலிதீன் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டாள்.

டப்பாவில் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கலாம்.

அக்டோபர் 4, சனி

பொம்மை. பொம்மை. பொம்மை.

கோபம் நேற்றைவிட இன்றைக்கு ஜாஸ்தி. செருப்பை ஒளித்தவள். போகவே கூடாது இனிமேல். கவுனைத் தைத்து முடித்துப் பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும்.

டேப் பொம்மையைக் குப்பையில் போட்டேன். குப்பை அள்ளுகிற அம்மா மூடியைத் திறந்து பார்த்து, "அய்ய, இன்னாமா இது!" என்று அலறினாள்.

கொத்சு இரண்டு வேளைக்கு வந்தது. நன்றாக இல்லை என்று எழுதினால் பொய்.

அக்டோபர் 8, புதன்

மழை. லேபில் காய்ச்சல் கேஸ் அதிகம்.

தினம் இரண்டு மடிப்பு. அவள் குத்திய ஊசி வழியாகவே கெட்டித் தையல் போட்டுக்கொண்டு போகிறேன், தைத்த பிறகுதான் ஒவ்வொரு ஊசியாக எடுக்கிறேன். அவள் குத்தின ஊசி என்பதால் தனி டப்பாவில். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்க ஆள் இல்லாதது ஒரு வசதி.

மூன்றாவது மடிப்பு இன்றைக்கு வந்தது. போன் வந்தபோது பிடித்திருந்தது. நிச்சயம் கோணலாக இருக்கும், பொய் சொல்கிற கை நடுங்காமல் இருக்குமா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நேர்கோடு. கெட்டிக்காரி.

ஹ.ஓ. அக்கா படியில் நிறுத்தி, "அந்த விருந்தாளி மறுபடி வரலியா?" என்றார். வருவாங்க என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வெயில், நல்ல வெளிச்சம். பதினொரு மணிக்குக் கடைசித் தையல். பாவாடை ஓரம், கை ஓரம், எட்டு மடிப்பு, எல்லாம் முடிந்தது.

போட்டுக்கொண்டேன். முன்பக்கம் குண்டூசி நானே குத்திக்கொள்ளலாம், அதற்கு யாரும் வேண்டாம். முதுகு என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படிப் பொருந்திய துணி எனக்கு எதுவும் இல்லை. போனை அரிசி டின் மேல் சாய்த்து, பத்து செகண்ட் டைமர் வைத்துவிட்டு ஓடித் திரும்பி நின்றேன். நான்காவது தடவை சரியாக வந்தது. குழுவுக்கு ஹேங்கர் இல்லாத முதல் படம். ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

பார்த்தவர்கள் 9. தமிழ் உண்டு. ஒன்றும் எழுதவில்லை.

மத்தியானம் ரசம், அப்பளம். தூக்கம் வரவில்லை.

கவுன் முடிந்துவிட்டது. இனி அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? அளவு எழுதியாயிற்று. டப்பா இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாள், கூப்பிடவும் முடியாது. ஸ்டேட்டஸ் போடுவேன், பார்ப்பாள். இன்னும் எட்டு வருஷம்.

நான்கு மணிக்குக் கவுனை மேஜையில் குப்புறப் போட்டு, ஏதாவது தப்பு இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தேடினேன். ஒவ்வொரு மடிப்பாக. ஸ்கேல் வைத்து, டேப் வைத்து. ஒரு நூல் பிசகு இல்லை.

பிளேடை எடுத்தேன். இடது பக்கம் மூன்றாவது மடிப்பு. தோளிலிருந்து இடுப்பு வரை பிரித்தேன். நூலெல்லாம் பொறுக்கி எடுத்தேன்.

4.50. மெசேஜ்: "தமிழு, ஒரு மடிப்பு சரியா வரல. என்னைக்கு வரட்டும்?"